குறட்டைக்கு ஆபரேஷன்: சத்தம் போனால் சிக்கல் போய்விடுமா?

சேலத்தில் ஐந்து ரோட்டைச் சுற்றியோ சாரதா கல்லூரி சாலையிலோ இருக்கிற காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் குறட்டைக்காக வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே மனைவி வருவார். பல சமயம் அவர்தான் பேசுவார். "ராத்திரி முழுக்கச் சத்தமுங்க. நடுவுல மூச்சே நின்னு போயிருதுங்க. அப்புறம் திணறுன மாதிரி ஒரு சத்தத்தோட திரும்ப வருது. ஆபரேஷன் பண்ணினா நின்னுருமுங்களா?" கணவர் பக்கத்தில் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்டால், நன்றாகத்தான் தூங்குகிறேன் என்பார்.

அந்த அம்மா கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சத்தம் நிற்குமா என்பது ஒன்று. மூச்சடைப்பு நிற்குமா என்பது இன்னொன்று. சத்தத்தைக் குறைக்க அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் முடிகிறது. மூச்சடைப்பு விஷயத்தில் ஆளையும், தொண்டையின் அமைப்பையும், செய்கிற முறையையும் பொறுத்துப் பலன் மாறும். சில முறைகளில் நிலைமை மோசமாவதும் உண்டு. குறட்டை அறுவை சிகிச்சையின் நாற்பதாண்டுக் கதையில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரை உள்ள பாதைக்கு எலும்பாலோ குருத்தெலும்பாலோ ஆன சுற்றுச்சுவர் கிடையாது. தசையும் சவ்வும்தான். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக இருந்து அந்தப் பாதையைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. ஊறிப்போன காகித ஸ்ட்ராவை வைத்து இளநீரை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, மூச்சை உள்ளே இழுக்கும்போது தளர்ந்த தொண்டையில் நடப்பதும் அதுதான். பாதி ஒட்டினால் மெல்லண்ணமும் (மேல்வாயின் பின்பக்கத்து மென்மையான பகுதி) உள்நாக்கும் காற்றில் படபடக்கின்றன. அந்தச் சத்தம்தான் குறட்டை. முழுக்க ஒட்டிவிட்டால் சத்தமே இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது அந்த நிசப்தத்துக்குத்தான்.

மூச்சு 10 விநாடியாவது நின்றால் அதை ஒரு மூச்சடைப்பு என்று கணக்கில் எடுக்கிறார்கள். முழுதாக நிற்காமல், மூச்சின் அளவு நன்றாகக் குறைந்து, கூடவே ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதுவும் கணக்கில் வரும். ஒரு மணி நேரத் தூக்கத்தில் இவை இரண்டும் சேர்த்து எத்தனை தடவை என்பதுதான் ஏஹெச்ஐ என்கிற எண். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம். குறட்டை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது. ஓடு பறக்கக் குறட்டை விடுகிறவருக்கு ஏஹெச்ஐ 3 இருக்கலாம், மெதுவாகக் குறட்டை விடுகிறவருக்கு 40 இருக்கலாம். அதனால் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சை அளக்கும் பரிசோதனை, செய்யாமல், வாயைத் திறந்து பார்த்த கையோடு ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் பரிசோதனையிலும் லேசான நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எண் ராத்திரிக்கு ராத்திரி மாறும். மல்லாந்து படுத்த நேரம் கூடினால், மூக்கு அடைத்திருந்தால், இரண்டு பெக் உள்ளே போயிருந்தால், 6 இருந்தவருக்கு 14 காட்டும். நண்பர்களோடு ஏற்காடு போய் ஒரே அறையில் நாலு பேர் படுத்து, மறுநாள் காலையில் ஒருவருடைய குறட்டை வீடியோ வாட்ஸ்அப் குழுவில் ஓடும். அவரும் பயந்துபோய் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி நேராக மருத்துவரைத் தேடுவார். ஏற்காட்டின் உயரம் சுமார் 1500 மீட்டர். லே மாதிரி 3500 மீட்டர் உயரத்தில் தூக்கத்தின் மூச்சே தாளம் மாறும். ஏற்காட்டு உயரம் அந்த அளவுக்கு எதுவும் செய்வதில்லை. மலை செய்யாததைக் குடியும், ராத்திரி 11 மணிக்குச் சாப்பிட்ட பிரியாணியும், குளிரில் அடைத்த மூக்கும் செய்திருக்கும். அந்த வீடியோவை மருத்துவரிடம் காட்டலாம், தப்பில்லை. ஆனால் பரிசோதனையை வழக்கமான ஒரு ராத்திரியில்தான் செய்ய வேண்டும்.

இப்போது வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. மருத்துவமனையில் தலையில் வயர் ஒட்டிப் படுப்பதை விட இது சுலபம். ஒரு குறை உண்டு. இவற்றில் பெரும்பாலானவை மூளை அலைகளைப் பார்ப்பதில்லை. அதனால் உண்மையில் தூங்கிய நேரம் தெரியாமல், கருவி ஓடிய மொத்த நேரத்தால் வகுத்து எண்ணைச் சொல்கின்றன. தூக்கம் வராமல் புரண்ட நேரமும் கணக்கில் சேர்ந்து, எண் குறைந்துவிடும். தீவிரமான நோயில் இது பெரிதாகத் தெரியாது. லேசான நோயில் ஒருவரை நோயாளி பட்டியலிலிருந்தே விடுவித்துவிடும். வீட்டுக் கருவி ஒன்றுமில்லை என்கிறது, ஆனால் பகலில் தூங்கி விழுகிறார் என்றால், ஆய்வகத்தில் ஒரு ராத்திரி முழுப் பரிசோதனை செய்துவிடுவதுதான் முறை.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம்.

ஆரம்பத்தில் இந்த நோய்க்கு இருந்த ஒரே நிச்சயமான வழி, கழுத்தில் துளை போட்டு அடைப்புக்குக் கீழே மூச்சுக்குப் பாதை விடுவது. பலன் உறுதி, வாழ்க்கைதான் கஷ்டம். ஜப்பானில் இகெமாட்சு என்கிற மருத்துவர் 1950களிலிருந்தே குறட்டைக்காக அண்ணத்தைச் சீரமைத்து வந்தார். 1981இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் ஷிரோ ஃபுஜிதா அந்த வழியை மூச்சடைப்பு நோய்க்குக் கொண்டுவந்தார். டான்சிலை எடுத்து, உள்நாக்கையும் மெல்லண்ணத்தின் ஓரத்தையும் வெட்டி, தொண்டையின் பக்கவாட்டுச் சவ்வை இழுத்துத் தைப்பது. யுபிபிபி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதே 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் முறையை வெளியிட்டார். ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நோயாளிகள் இன்றுவரை ஊசலாடுகிறார்கள். சிபாப் மாட்டினால் அந்த ராத்திரியே வேலை செய்யும், ஆனால் தினமும் மாட்டியாக வேண்டும். ஆபரேஷன் ஒரு தடவைதான், ஆனால் வேலை செய்யுமா என்பது முன்கூட்டி உறுதியில்லை.

எவ்வளவு உறுதியில்லை? 1996இல் ஷெர் என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளைத் தேர்ந்தெடுக்காமல் செய்த யுபிபிபி ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கே பலித்திருந்தது. 2002இல் சிகாகோவின் ஃபிரீட்மன் நோயாளிகளைத் தொண்டை அமைப்பை வைத்துப் பிரித்தார். டான்சில் பெரிதாக, நாக்கு தாழ்வாக, வாயைத் திறந்ததும் அண்ணம் நன்றாகத் தெரிகிறவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குப் பலன். டான்சில் சிறிதாக, நாக்கு மேலேறி அண்ணத்தை மறைக்கிறவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான். கத்தியும் முறையும் ஒன்றுதான், வாய்தான் வேறு. ஸ்வீடனில் இப்படித் தேர்ந்தெடுத்த 65 பேரை வைத்து 2013இல் வந்த ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்தவர்களின் ஏஹெச்ஐ 6 மாதத்தில் சராசரியாக 53இலிருந்து 21க்கு இறங்கியது. காத்திருந்தவர்களுக்குக் கொஞ்சமே குறைந்தது. இது நல்ல பலன்தான். ஆனால் அவர்கள் லேசான நோயாளிகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"வெற்றி" என்று இந்த ஆய்வுகள் எதைச் சொல்கின்றன என்றும் பார்த்துவிடலாம். ஏஹெச்ஐ பாதியாகக் குறைந்து, 20க்குக் கீழே வந்தால் வெற்றி. இது தீவிர நோய்க்காக வகுத்த அளவுகோல். ஏஹெச்ஐ 12 உள்ள ஒருவர் ஆபரேஷனுக்கு முன்பே 20க்குக் கீழேதான் இருக்கிறார். அவருக்கு 6 ஆகிவிட்டால் தாளில் வெற்றி, ஆனால் 6 என்பது இன்னும் லேசான நோய்தான். 12க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் வெறும் இரண்டு ராத்திரிகளின் வித்தியாசமாகவும் இருக்கலாம். லேசான நோய்க்கு "90 சதவீத வெற்றி" என்று யாராவது சொன்னால், எதை வெற்றி என்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அப்புறம் லேசர். லேசர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் தனி மவுசு. கத்தியில்லை, ரத்தமில்லை, சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். பாரிஸில் கமாமி என்கிற மருத்துவர் 1990 வாக்கில் இதைப் பிரபலமாக்கினார். மரத்துப்போக ஊசி போட்டு, உள்நாக்கையும் அண்ணத்தின் ஓரத்தையும் லேசரால் சீவி எடுப்பது. குறட்டை குறைந்தது, கூட்டம் சேர்ந்தது. மூச்சடைப்பின் கணக்கு பின்னால்தான் வந்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2010இல், மூச்சடைப்பு நோய்க்கு வழக்கமான சிகிச்சையாக இதைச் செய்ய வேண்டாம் என்றது. 2017இல் கமாச்சோ குழு தனித்தனி நோயாளிகளின் எண்களைத் திரட்டிப் பார்த்ததில், 44 சதவீதம் பேருக்கு ஏஹெச்ஐ முன்பைவிட ஏறியிருந்தது. வெந்த திசு ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். அந்தச் சுருக்கம் சிலருக்குப் பாதையையே குறுக்கிவிடுகிறது. இவர்களில் சிலர் சத்தமில்லாமல் முன்பைவிட மோசமாக மூச்சடைத்துத் தூங்கியிருப்பார்கள். சத்தம் இல்லாததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இன்று சில கிளினிக்குகளில் சொல்லும் லேசர் வேறு வகை. வெட்டாமல் மேல் சவ்வைச் சூடாக்கி இறுக வைப்பது. சில தடவை போய்ச் செய்துகொள்ள வேண்டியிருக்கும், பலன் போகப்போகக் குறையும். வெறும் குறட்டைக்கு, செலவைப் பொறுத்துக்கொள்கிறவர் முயன்று பார்க்கலாம். மூச்சடைப்புக்கு இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அண்ணத்தை விறைப்பாக்கும் சிறு சிகிச்சைகள் இன்னும் உண்டு. ரேடியோ அலையால் திசுவுக்குள் சூடேற்றுவது, அண்ணத்துக்குள் சின்னச்சின்ன பாலியஸ்டர் குச்சிகளைச் செருகுவது, திசுவை இறுக்கும் மருந்தை ஊசியாகப் போடுவது. வலி குறைவு, ஆபத்தும் குறைவு. மெல்லிய உடம்பு, ஏஹெச்ஐ 5க்குக் கீழே, சத்தம் அண்ணத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இவை பொருந்தும். ஓரிரு ஆண்டில் குறட்டை திரும்பி வருவது இவற்றில் சகஜம்.

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அறுவை மருத்துவர்களின் போக்கு மாறியிருக்கிறது. வெட்டி எடுப்பதைக் குறைத்து, இழுத்துக் கட்டுகிறார்கள். 2007இல் சிங்கப்பூரின் கென்னி பாங்கும் அமெரிக்காவின் டக்கர் உட்சனும் சொன்ன முறையில், டான்சிலுக்குப் பின்னால் இருக்கும் தசையைப் பிரித்து, மேலும் பக்கவாட்டிலும் திருப்பித் தைக்கிறார்கள். உள்நாக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இத்தாலியிலிருந்து வந்த இன்னொரு முறையில் முள் வைத்த நூலால், முடிச்சுப் போடாமலே, தசையை இழுத்து நிறுத்துகிறார்கள். "உள்நாக்கு வளர்ந்திருக்கு, வெட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் மெல்ல மலையேறுகிறது. உள்நாக்கு நீளமாகத் தெரிவதே பல பேருக்கு ஆண்டுக்கணக்கான குறட்டையில் அதிர்ந்து அதிர்ந்து வீங்கியதால்தான்.

எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. விழித்திருக்கும்போது வாயைத் திறந்து பார்த்தால் தூங்கும் தொண்டை தெரியாது. அதனால் மயக்க மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்து, குறட்டை வரும் அளவுக்குத் தூங்க வைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கிறார்கள். 1991இல் லண்டனில் தொடங்கிய பழக்கம் இது. அண்ணமா, பக்கச் சுவரா, அடிநாக்கா, குரல்வளை மூடியா என்று நான்கு இடங்களையும் பார்ப்பார்கள். அடிநாக்கு பின்னால் சாய்ந்து அடைக்கிறவருக்கு அண்ணத்தில் என்ன தையல் போட்டாலும் மூச்சுக்கு லாபமில்லை. பல பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஒட்டுகிறது. அடிநாக்குக்கும் தாடை எலும்புக்கும் தனி ஆபரேஷன்கள் உண்டு. லேசான நோய்க்கு அவ்வளவு தூரம் போவது அரிது.

மூக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்தில் குறட்டைக்காகப் போனவர்களில் நிறையப் பேர் "மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு, நேராக்கணும்" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அம்மாபேட்டைத் தறிப் பஞ்சு, சாலைப் புழுதி, பனிக்காலத் தும்மல் என்று மூக்கடைப்புக்குச் சேலத்தில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. மூக்கு திறந்தால் தூக்கம் நன்றாக இருக்கும், குறட்டையும் சிலருக்குக் குறையும். ஆனால் மூக்கு ஆபரேஷன் மட்டும் ஏஹெச்ஐயைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்பது திரும்பத் திரும்ப வந்திருக்கிற முடிவு. அதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. சிபாப் மெஷினின் அழுத்தத்தைக் குறைத்து வைக்க முடிகிறது, மாட்டிக்கொண்டு தூங்கவும் முடிகிறது. அடைப்புக்காகச் செய்துகொள்ளுங்கள். மூச்சடைப்பு தீரும் என்று எதிர்பார்த்துச் செய்யாதீர்கள்.

குழந்தைகள் கதை வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும்தான், அவற்றை எடுப்பதுதான் முதல் சிகிச்சை. 2013இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளில், ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை 7 மாதத்தில் இயல்பானது. காத்திருந்து பார்த்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு இயல்பானது. ஆக, லேசாக இருக்கிற குழந்தைக்குச் சில மாதம் பொறுப்பது அலட்சியம் ஆகாது. வாயைத் திறந்துகொண்டே தூங்குவது, படுக்கையில் சிறுநீர், வகுப்பில் கவனம் சிதறுவது, எடை ஏறாமல் இருப்பது, இவையெல்லாம் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

லேசான நோய்க்குப் பெரியவர்கள் சிகிச்சை செய்துகொள்ளத்தான் வேண்டுமா என்பதே நியாயமான கேள்வி. தீவிரமான மூச்சடைப்புக்கும் ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு பலமானது. லேசானதற்கு அந்த ஆதாரம் மெலிவு. அதனால் எண்ணை விட ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மெல்போர்னில் 1991இல் உருவான எப்வொர்த் அளவுகோல் 8 சின்னக் கேள்விகள் கேட்கிறது: உட்கார்ந்து படிக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது எவ்வளவு தூங்கி வழிவீர்கள் என்பது மாதிரி. 24க்கு 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம். சங்ககிரியிலிருந்து ராத்திரி லாரி எடுக்கிற ஓட்டுநருக்கு ஏஹெச்ஐ 9 வந்து இந்த மதிப்பெண் 15 வந்தால், அவரை "லேசான நோயாளி" என்று அனுப்பிவைக்க முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அதே 9 வந்து, பகலில் கண் அயராமல், பிரஷரும் இல்லாமல் இருந்தால், எடையைக் குறைத்து ஒருக்களித்துப் படுங்கள் என்று சொல்லி ஆறு மாதம் பார்க்கலாம்.

எடை விஷயத்தில் கணக்குத் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வில், எடை 10 சதவீதம் ஏறியவர்களுக்கு ஏஹெச்ஐ சுமார் 32 சதவீதம் ஏறியது. 10 சதவீதம் குறைத்தவர்களுக்குச் சுமார் 26 சதவீதம் இறங்கியது. மல்லாந்தால் மட்டும் அடைக்கிறவர்கள் லேசான நோயாளிகளில் நிறைய. சட்டையின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தைத் தைத்துக்கொள்வது கேலியாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும். கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி வைக்கும் பல் கருவியும் லேசான, நடுத்தர நோய்க்கு நல்ல வழி. ஜெய்ப்பூரில் 30 பேரை வைத்து 2025இல் வந்த சிறிய ஆய்வில், ஆறு மாதம் சங்கு ஊதிப் பழகியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சடைப்பும் குறைந்தன. தொண்டைத் தசைக்கு அதுவும் ஒரு பயிற்சிதான். அக்கம்பக்கத்தார் குறட்டையே மேல் என்று சொன்னால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இவ்வளவையும் முயன்ற பிறகு, அல்லது டான்சில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருப்பதால், ஆபரேஷன்தான் என்று முடிவானால் அதில் தயங்க ஒன்றுமில்லை. இரண்டு வாரம் தொண்டை நன்றாக வலிக்கும். எச்சில் விழுங்கவே யோசிப்பீர்கள். ரத்தக்கசிவு, கொஞ்ச நாளைக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருவது, நீடிக்கிற தொண்டை வறட்சி, ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வு ஆகியவை பார்க்கக்கூடிய சங்கடங்கள். அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் யுபிபிபி செய்துகொண்ட 3,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், பெரிய சிக்கல் சுமார் 1.5 சதவீதம், இறப்பு 0.2 சதவீதம். குறைவுதான், ஆனால் குறட்டை சத்தத்துக்காக மட்டும் ஏற்கிற ஆபத்து என்று நினைத்தால் சின்ன எண் இல்லை. மூச்சடைப்பு நோய் இருப்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தொண்டை வீங்கியிருக்கும் முதல் ராத்திரியில், அழுத்தமான வலி மருந்துகளும் சேர்ந்தால் மூச்சு இன்னும் எளிதாக நிற்கும். அந்த ராத்திரி விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டி மருத்துவமனையிலேயே படுப்பது நல்லது.

புண் ஆறி மூன்று மாதம் போல ஆன பிறகு இன்னொரு ஸ்லீப் ஸ்டடி செய்ய வேண்டும். எல்லோரும் தவிர்ப்பது இதைத்தான். சத்தம் போய்விட்டது, மனைவியும் நிம்மதியாகத் தூங்குகிறார், எதற்கு இன்னொரு செலவு என்று விட்டுவிடுகிறார்கள். முன்பு மூச்சு நிற்பதைக் கவனித்துச் சொன்னது அந்த மனைவிதான், இப்போது அவரும் விழித்துப் பார்ப்பதில்லை. ஆண்டுகள் போய் எடை ஏறி நோய் திரும்பினால், கடைசியில் சிபாப்தான் துணை. அண்ணத்தை அளவுக்கு மீறி வெட்டியவர்களுக்கு அங்கேயும் ஒரு இடைஞ்சல் காத்திருக்கிறது: மெஷின் மூக்கில் கொடுக்கும் காற்று வாய் வழியே கசிந்து போய்விடும். ஆபரேஷனுக்கு முன் ஒரு மாதமாவது சிபாப்பையோ பல் கருவியையோ முயன்று பாருங்கள் என்று விவரமான மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.